ஸ்கோப்பில் தெரிந்த சமையலறை

டாலஸுக்கு வடக்கே, பருத்திக்காட்டை மட்டம் தட்டிக் கட்டிய பெக்கன் ஹாலோ என்ற குடியிருப்பில், ஒரு ஜோடி செருப்பு திருடு போன வருஷம், முப்பத்தொரு தமிழ் ஆண்பிள்ளைகள் குடும்பத்தைக் காப்பாற்றுவதற்காகத் துப்பாக்கி வாங்கினார்கள். செருப்பு துரைப்பாண்டியுடையது. வாசலில் கூரியர்காரன் வைத்துவிட்டுப் போன அட்டைப்பெட்டியில் இருந்தது; எட்டாம் நம்பர், பழுப்பு நிறம், குதிகால் வலிக்கென்றே செய்தது. எடுத்துப் போனது மனுஷனா, ராத்திரியில் குப்பைத்தொட்டி கிளறும் ரக்கூனா என்று கேமராவில் கடைசிவரை தெளிவாகத் தெரியவில்லை. ஆனாலும் அன்று சாயங்காலமே துரைப்பாண்டி வாட்ஸ்அப் குழுவில், "இன்னைக்கு செருப்பு, நாளைக்கு நம்ம பெண்கள்" என்று எழுத, முப்பது பேர் அதற்குக் கைகூப்பிப் பதில் போட்டார்கள். கரப்பான்பூச்சி வந்தால் பெண்டாட்டியைக் கூப்பிடுகிற முப்பது பேர்.

அந்த முப்பதில் ஒருவன் டெல்வின் பர்னாந்து. தூத்துக்குடிக்காரன். பெண்டாட்டி அமலி, கான்வென்ட்டில் படித்தவள், குரல் உயர்த்தாமல் பேசவும் நிமிர்ந்து நிற்கவும் சிஸ்டர்மார் பழக்கியிருந்தார்கள், பயப்படுவதற்கு அவளே பழகியிருந்தாள். பிள்ளை ரீத்தாவுக்கு அப்போது ஐந்து மாசம். ரீத்தா பிறந்த நாளிலிருந்து அமலிக்கு எல்லாமே பயம்: திராட்சைப்பழம், மாடிப்படி, ஜன்னல் திரைக் கயிறு. இந்தப் பயத்தையெல்லாம் டெல்வினிடம் சொன்னால், "ஏட்டி, நீ ரொம்ப யோசிக்க" என்பான். அதே டெல்வின், எந்தத் துப்பாக்கி வாங்குவது என்று மூன்று மாசம் யோசித்தான்.

மூன்று மாசமும் அந்தக் குடியிருப்பில் வேறு பேச்சில்லை. காரைக்குடிக் கதிரேசன் ஒரு எக்செல் ஷீட் போட்டிருந்தான், நாற்பத்தேழு கட்டம். மாவாட்டும் கிரைண்டர் வாங்குவதற்காக எப்போதோ போட்ட ஷீட். தலைப்பை மட்டும் மாற்றினானே தவிர, 'சத்தம்', 'வாரண்டி', 'கழுவ எளிதா', 'மாமியாருக்குப் பிடிக்குமா' என்ற கட்டங்கள் எல்லாம் அப்படியே இருந்தன, அவற்றுக்கும் நேர்மையாக மார்க் போட்டிருந்தான். குழல் எந்த எஃகு, விசை எவ்வளவு மிருது, செமி ஆட்டோமேட்டிக்கில் எது நாள்பட உழைக்கும், முழுசாக வாங்குவதா, பாகம் பாகமாக கிட் வாங்கி வீட்டிலேயே பூட்டிக்கொள்வதா என்று, பிள்ளையின் பெயர்சூட்டு விழாவிலும் பேசினார்கள், பூசைக்கு வந்த கோயில் வாசலிலும் பேசினார்கள், ஒருத்தன் பெண்டாட்டி பிரசவத்துக்குக் கிடந்த ஆஸ்பத்திரி வராந்தாவிலும் நின்று பேசினார்கள். எவனுக்கும் ஒரு குருவியைக்கூடச் சுட்டுப் பழக்கமில்லை. ஆனால் எல்லோருக்கும் கருத்து இருந்தது.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்த கையோடு, டெல்வின் அமலியையும் பிள்ளையையும் துப்பாக்கிக் கடைக்குக் கூட்டிப்போனான். கதிரேசனும் வந்தான். கடைக்காரர் டேல் என்று ஒரு வெள்ளைக்காரக் கிழவர், மெலிந்த ஆள், கண்ணாடி மேசையைத் துடைத்துக்கொண்டே இருப்பார், பேச்சு குறைவு. எடுத்துக் கொடுத்த துப்பாக்கியைத் தோளில் வைத்து, அதன் மேலிருந்த குறிபார்க்கும் கண்ணாடியில், அந்த ஸ்கோப்பில், ஒரு கண்ணை மூடிப் பார்த்த டெல்வின், "அட, நம்ம கிச்சன்!" என்றான்.

சுவரில் மாட்டியிருந்த மான்தலையைக் குறி வைத்துத்தான் பார்த்தான். தெரிந்தது அவர்கள் வீட்டுச் சமையலறை. கூரையைப் பார்த்துத் தூக்கினான், சமையலறை. தரையைப் பார்த்துத் தாழ்த்தினான், சாப்பாட்டு மேசையின் கால்கள். கதிரேசன் வாங்கிப் பார்த்தான். அவனுக்குத் தெரிந்தது அவன் வீடு, அவன் பெண்டாட்டி தெய்வானை கூடத்தில் உட்கார்ந்து வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். "இன்னைக்கும் வெண்டக்காயா" என்றான் கதிரேசன், அலுப்போடு. அமலியும் பார்த்தாள். காலையில் ஊறப் போட்டுவிட்டு வந்த பால்பாத்திரம், சொட்டும் குழாய், ரீத்தாவின் உயர நாற்காலி, அதில் ஒட்டியிருந்த ஒரு பருக்கை. அவள் சட்டென்று கண்ணை எடுத்துவிட்டுப் பிள்ளையை மறுபக்கத் தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

"இது ஏன் இப்படிக் காட்டுது?" என்று அவள்தான் கேட்டாள்.

டேல் துணியை மடித்தார். எல்லாத் துப்பாக்கியிலும் அப்படித்தான் தெரியும், யார் பார்க்கிறார்களோ அவர்களுடைய வீடு, என் அப்பா காலத்திலிருந்தே அப்படித்தான், யாரும் காரணம் கேட்பதில்லை என்றார். பிறகு, "எங்க வீட்டுல நாங்க அஞ்சு பேர் இருந்தோம்" என்று சொல்லிவிட்டு, துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார். இப்போது எத்தனை பேர் என்று அமலி கேட்க வாயெடுப்பதற்குள், டெல்வின் இதைவிடத் தெளிவாகத் தெரிகிற மாடல் இருக்கிறதா என்று கேட்டுவிட்டான்.

அதுதான் அவர்கள் அந்த அதிசயத்தை வாங்கிக்கொண்ட விதம். வீடு தெரிகிறதே என்று ஒருத்தனும் கையை எடுக்கவில்லை. வீடு எவ்வளவு துல்லியமாகத் தெரிகிறது என்று பார்த்தார்கள். கதிரேசன் தன் ஷீட்டில் நாற்பத்தெட்டாவது கட்டம் சேர்த்தான்: பெருங்காய டப்பாவின் தேதி வாசிக்க முடிகிறதா. முழுத் துப்பாக்கிகளில் டப்பா தெரிந்தது, தேதி மங்கல். தனியாகப் பாகம் வாங்கிப் பூட்டி, நல்ல ஸ்கோப்பைத் தனியாக வைத்தால் தேதி மட்டுமல்ல, தொகுதி எண்ணே தெரிகிறது என்று துரைப்பாண்டி ஒரு கட்டுரை எழுதினார். அதற்குப் பிறகு டெல்வினுக்குத் தூக்கமில்லை. கிட்தான் வாங்கினான். "தரம் நம்ம கையில இருக்கும்" என்றான்.

கிட் வந்தது. சாப்பாட்டு மேசையில் வெள்ளைத்துணி விரித்துப் பாகங்களை வரிசையாக வைத்தான், மேசை போதாமல் சின்னச் சாமான்களை ரீத்தாவின் உயர நாற்காலித் தட்டில் வைத்தான். கல்யாணத்துக்கு ஒரு வெற்றிலைகூட மடித்துக் கொடுக்காத ஆள், ஒவ்வொரு திருகையும் எண்ணெய் போட்டுத் துடைத்தான். அமலி சோறு வடித்துவிட்டுத் திரும்பும்போது பிள்ளையின் வாயோரம் ஏதோ மின்னியது. விரலை விட்டுத் தோண்டினாள். எச்சில் ஒழுக ஒரு சுருள்கம்பி வந்தது.

"இங்க பாருங்க! பிள்ள வாயில!"

டெல்வின் பாய்ந்து வந்து வாங்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். "நல்லவேள, நெளியல. நெளிஞ்சிருந்தா வாரண்டி கிடையாது."

பூட்டி முடித்த அன்றைக்கு அவன் கராஜில் நின்று, சுடுநீர்த் தொட்டியைக் குறி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான், உள்ளே கூடத்துச் சுவரில் ஒரு வெளிச்சப்பொட்டு விழுந்ததை அமலி கண்டாள். ஒரு ரூபாய்க் காசளவு. கண்ணாடியை வெயிலில் காட்டினால் சுவரில் ஓடுமே, அதுபோல ஓடியது. ஸ்கோப்பில் எந்த இடத்தை அவன் நடுவில் வைக்கிறானோ அந்த இடத்தில் அது நின்றது. தலையணையில் நின்றது, திருக்குடும்பப் படத்தில் சூசையப்பர் தாடியில் நின்றது, ரீத்தாவின் வயிற்றில் நின்றது. ரீத்தா கெக்கெக்கென்று சிரித்து, அதைக் கையால் பொத்தப் பார்த்தாள். அமலி ஓடிப்போய்ப் பிள்ளையைத் தூக்கினாள். வெளிச்சமும் கூடவே வந்தது. "உன் முகத்துல பாலாடை ஒட்டியிருக்கு" என்று கராஜிலிருந்து டெல்வின் கத்தினான், சந்தோஷமாக.

ஒரு மாசத்துக்குள் அந்தக் குடியிருப்பே அதற்குப் பழகிவிட்டது. அலுவலகத்துக்குத் துப்பாக்கியைக் காரில் வைத்துக்கொண்டு போய், மத்தியானச் சாப்பாட்டு வேளையில் பார்க்கிங்கில் உட்கார்ந்து, கேஸை அணைத்தாளா, கதவைப் பூட்டினாளா, யாரிடம் போனில் சிரிக்கிறாள் என்று பார்த்துக்கொண்டார்கள். பெண்கள் வெளிச்சப்பொட்டு விழுந்தால் முந்தானையைச் சரிசெய்யப் பழகினார்கள். சிலர் போட்டோவுக்கு நிற்பதுபோல ஒரு சிரிப்பைப் பழகினார்கள். ஒரு பெண், புருஷன் பார்ப்பான் என்று தெரிந்து, மத்தியானம் பன்னிரண்டரைக்குப் பூ வைத்துக்கொண்டாள். ஊரிலிருக்கும் பெற்றோருக்கும் காட்டினார்கள். ஸ்கோப்பில் போனை ஒட்டிவைத்தால் தூத்துக்குடியில் அமலியின் மாமியாருக்குப் பேத்தி தெரிந்தாள்.

"பிள்ள வளந்துட்டாடே" என்றார் மாமியார். "அந்த ஃபேனுக்கு அடில ஒட்டடை தொங்குது பாரு. பகல்ல என்னதான் செய்யுதா உம் பொண்டாட்டி?"

பார்த்துக்கொண்டே இருந்தால் போதுமா? சுட வேண்டாமா? இருபது மைலுக்கு அப்பால் ஒரு சுடும் மைதானம் இருந்தது, கூரை போட்டு, வரிசையாக மேசை போட்டு, எதிரே காகிதக் குறி தொங்கவிட்டிருப்பார்கள். ஒரு சனிக்கிழமை டெல்வின் அங்கே போய், முதல்முதலாகக் காகிதத்தைப் பார்த்து மூன்று குண்டு போட்டான். காகிதத்தில் ஒரு கீறலும் இல்லை. இங்கே, வீட்டில், அமலி துணி மடித்துக்கொண்டிருந்தவள், சமையலறையில் வெடிச்சத்தம் கேட்டு ஓடிப்போய்ப் பார்த்தால், அடுப்புக்குப் பக்கத்துச் சுவரில் மூன்று ஓட்டை, சுவருக்கு முன்னாலிருந்த இட்லிமாவு டப்பாவில் மூன்று ஓட்டை, மாவு மூன்று தாரையாக ஒழுகிக்கொண்டிருந்தது. ரீத்தா அதன் கீழே உட்கார்ந்து உள்ளங்கையில் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அமலி பிள்ளையின் உடம்பைத் தலையிலிருந்து கால்வரை தடவினாள். காதை மடித்துப் பார்த்தாள், விரல்களை எண்ணினாள், மறுபடி எண்ணினாள். பிறகு புருஷனுக்குப் போன் போட்டு, தமிழில் பாதி, ஜெபத்தில் பாதியாக, நடந்ததைச் சொன்னாள். அவன் ஒரு மணி நேரத்தில் வந்துவிட்டான். தனியாக வரவில்லை, பதினாலு பேரோடு வந்தான்.

பதினாலு பேரும் செருப்பை வாசலில் விட்டுவிட்டு, பெண் பார்க்க வருகிறவர்கள்போல மரியாதையாக உள்ளே வந்து, சமையலறைச் சுவரின் முன் கூட்டமாக நின்றார்கள். கதிரேசன் சட்டைப்பையிலிருந்து ஸ்கேலை எடுத்தான். துரைப்பாண்டி ஒரு கால் டாலர் காசை எடுத்து ஓட்டைகளின் மேல் வைத்தார். மூன்றும் காசுக்குள் அடங்கின.

"அடேயப்பா" என்றார் துரைப்பாண்டி. "முதல் தடவையிலயே காசுக்குள்ள மூணு! கிட்டுன்னா கிட்டுதான்யா."

"டெல்வினு, குழல் எந்தக் கம்பெனி?" என்றான் ஒருத்தன்.

"நான் அப்பவே சொன்னேன்ல மாப்ள, முழுசா வாங்குனவன் முட்டாள்" என்றான் இன்னொருத்தன்.

"பிள்ள அந்த இடத்துல உக்காந்திருந்தா" என்றாள் அமலி.

எல்லோரும் ஒருகணம் திரும்பிப் பார்த்தார்கள். டெல்வின் மெல்லச் சிரித்தான். "ஏட்டி, பிள்ள கீழ இருந்திருக்கா. குண்டு மேல போயிருக்கு. மூணும் ஒரே உயரம், கவனிச்சியா?" பிறகு, "எல்லாருக்கும் காப்பி போடேன்" என்றான்.

அவள் போட்டாள். அதற்காகப் பிற்பாடு தன்னையே வெறுத்தாள், ஆனால் போட்டாள், சீனி யாருக்கு வேண்டும் யாருக்கு வேண்டாம் என்றும் கேட்டாள்.

சுட்டால் குண்டு அவரவர் வீட்டில்தான் விழுகிறது என்று ஆனபிறகு, அந்த ஊர் ஆண்பிள்ளைகள் கூடிப் பேசினார்கள். சுடுவதை நிறுத்தலாம் என்று ஒருத்தர் வாயிலும் வரவில்லை; அந்தச் சொல் அங்கே இருந்ததாகவே தெரியவில்லை. நான்கு மணி நேரம் பேசி, சனிக்கிழமை பத்திலிருந்து பன்னிரண்டு வரை பெண்களும் பிள்ளைகளும் வீட்டைவிட்டு வெளியே இருப்பது என்று முடிவு செய்து, அதற்கு 'வெளிநேரம்' என்று பெயர் வைத்து, துரைப்பாண்டி குடியிருப்புத் தமிழ்ச் சங்கத்தின் பெயரில் சுற்றறிக்கை அனுப்பினார். மீன்தொட்டி, கண்ணாடிச் சாமான், சாமி படம் இவற்றை கராஜுக்கு மாற்றவும். வெளியே போக முடியாதவர்கள் குளியல் தொட்டிக்குள் படுத்துக்கொள்ளவும், தொட்டி கனமான இரும்பாக இருந்தால் விசேஷம். ஓட்டை அடைக்கும் பட்டி மொத்தமாக வாங்கப்படும், பெயர் கொடுக்கவும். குடியிருப்பு நிர்வாகத்திலிருந்தும் ஒரு கடிதம் வந்தது: உள்சுவர் உங்கள் பாடு, தெருவிலிருந்து கண்ணில் படுகிற ஓட்டைகளை மட்டும் அனுமதிக்கப்பட்ட சந்தன நிறத்தில் பூச வேண்டும்.

அப்படியே நடந்தது. சனிக்கிழமைதோறும் ஒன்பதே முக்காலுக்கு முப்பத்தொரு பெண்கள் பிள்ளைகளை இடுப்பிலும் கையிலும் பிடித்துக்கொண்டு, தண்ணீர் பாட்டிலும் முறுக்குமாக, நூலகத்துக்குப் பின்னாலிருக்கும் புல்வெளிக்குப் போய் உட்கார்ந்தார்கள். பன்னிரண்டரைக்குத் திரும்பி வந்து, எது உடைந்தது என்று பார்த்து, பட்டி பூசி, சாதம் வைத்தார்கள்.

"ஆச்சி, உங்களுக்குப் பயமா இல்லையா?" என்று அமலி ஒரு சனிக்கிழமை தெய்வானையிடம் கேட்டாள். தெய்வானைக்கு நாற்பத்திரண்டு வயசு, எதற்கும் பதறாத பெரிய முகம்.

"ஆத்தாடி, பயந்து என்ன பண்றது? எங்க வீட்ல இந்த வாரம் நான் நாட்டியத்துல வாங்குன ஷீல்டு போச்சு. போன வாரம் குக்கர். அவுகளுக்குக் கை ஆடுது, சொன்னா கோபம் வருது." தெய்வானை முறுக்கை உடைத்து ரீத்தாவின் கையில் ஒரு துண்டு கொடுத்தாள். "ஒண்ணு சொல்றேன், வாரத்துல ரெண்டு மணி நேரம் சமைக்காம உக்காந்திருக்கோம். அதையும் பாரு."

"அவங்க யார்கிட்டயிருந்து நம்மளைக் காப்பாத்துறாங்க ஆச்சி?"

தெய்வானை ஒரு புல்லைப் பிடுங்கி எறிந்தாள். "செருப்புத் திருடன்கிட்டயிருந்து" என்றாள். இரண்டு பேரும் சிரித்தார்கள், சத்தமாக, பக்கத்துப் பெண்கள் திரும்பிப் பார்க்கும்படி. சிரித்து முடித்தபிறகு அமலி ரீத்தாவை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

அவள் பயம் வேறு. மற்றப் பெண்களின் பிள்ளைகள் சொன்னால் கேட்கிற வயசு, இல்லையென்றால் இன்னும் தவழாத வயசு. ரீத்தாவோ அந்த வெளிச்சப்பொட்டை விளையாட்டுச் சாமான் என்று நினைத்துவிட்டாள். மத்தியானம் பன்னிரண்டரைக்கு அப்பன் பார்க்கிங்கில் உட்கார்ந்து பார்க்கும்போது, சுவரில் அது விழுந்ததும் தவழ்ந்து போய் அதன்மேல் கையை வைப்பாள். பட்டி காயாத ஓட்டைகளில் சுண்டுவிரலை விட்டுத் துழாவுவாள். பதினோராவது மாசம், ஒரு புதன்கிழமை, சோபாவைப் பிடித்து நின்றவள், எதிர்ச்சுவரில் பொட்டைக் கண்டதும் கையை விட்டாள். ஒன்று, இரண்டு, மூன்று. மூன்று எட்டு வைத்து, சுவரில் மோதி, அந்த வெளிச்சத்தின்மேல் முகத்தை வைத்து நின்றாள். அவளுடைய வாழ்க்கையின் முதல் நடை அது. அமலி ஓடிப்போய்த் தூக்குவதற்குள் போன் அடித்தது.

"ஏட்டி, நடந்துட்டா! நான் பாத்தேன்! நேரா என்னைப் பாத்து நடந்து வந்தா!"

"உங்களப் பாத்து இல்ல" என்றாள் அமலி. அவன் அதற்குள் மற்றவர்களுக்குச் சொல்லக் கிளம்பிவிட்டான். பார்க்கிங் முழுக்கக் கைதட்டினார்களாம்.

அதற்கு அடுத்த சனிக்கிழமை ரீத்தாவுக்குக் காய்ச்சல், நூற்றிரண்டு. வெளியே காற்று. புல்வெளிக்குத் தூக்கிக்கொண்டு போக முடியாது. அமலி காலையிலேயே சொன்னாள், "இன்னைக்கு ஒரு நாள் போக வேண்டாமே."

"சுடுற லேன் புக் பண்ணிட்டேன் அமலி. புது விசை மாட்டியிருக்கேன், இன்னைக்குப் பாத்தாதான் குறை இருந்தா திருப்பி அனுப்பலாம். நீ பாத்ரூம்ல இரு. நான் கிச்சன் சுவரை மட்டும்தான் குறி வைப்பேன், சரியா?" பிள்ளையின் நெற்றியில் முத்தம் கொடுத்துவிட்டு, பெட்டியை எடுத்துக்கொண்டு போனான்.

அவள் தொட்டிக்குள் போர்வை விரித்துப் பிள்ளையை நெஞ்சில் போட்டுக்கொண்டு படுத்தாள். அருள் நிறைந்த மரியேயை ஐம்பத்து மூன்று தடவை சொன்னாள். பத்தே கால் ஆனது. மருந்து கொடுக்க எழுந்து, பிள்ளையைத் தொட்டிக்கு வெளியே மிதியடியில் இறக்கிவிட்டு, அலமாரிப் பக்கம் திரும்பினாள். திரும்பியது எத்தனை நேரம், ஒரு மூடி திறக்கிற நேரம். மிதியடியில் பிள்ளை இல்லை. கதவு ஒரு சாண் திறந்திருந்தது.

சமையலறைச் சுவரில், அடுப்புக்குப் பக்கத்தில், வெளிச்சப்பொட்டு ஆடாமல் நின்றிருந்தது. ரீத்தா இரண்டு கையையும் முன்னால் நீட்டிக்கொண்டு, காய்ச்சலில் சிவந்த முகத்தோடு, சிரித்துக்கொண்டு, அதை நோக்கி நடந்துபோய்க்கொண்டிருந்தாள்.

அமலி எப்படிப் போய்ச் சேர்ந்தாள் என்று அவளுக்கே தெரியாது. பிள்ளையைத் தன் முதுகுக்குப் பின்னால் தள்ளிவிட்டு, சுவருக்கு முன்னால், நிமிர்ந்து நின்றாள். பொட்டு அவளுடைய நெஞ்சுக்குழியில் நின்றது. சூடும் இல்லை, குளிரும் இல்லை. போன் அடித்தது.

"ஏட்டி, பாத்ரூம்ல இருக்கச் சொன்னேன்ல? கொஞ்சம் வலது பக்கம் தள்ளு."

"பிள்ள இங்க வந்துட்டா. துப்பாக்கியக் கீழ வைங்க."

"கீழ வச்சா உன்னை எப்படிப் பாக்குறது? பிள்ளையத் தூக்கிட்டுத் தள்ளு. பதினஞ்சு நிமிஷம்தான் இருக்கு."

"டெல்வின், கீழ வைங்க."

கல்யாணமாகி நான்கு வருஷத்தில் அவள் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அதுவே முதல் தடவை. மறுமுனையில் வெடிச்சத்தங்கள், யாருடைய வீடுகளிலோ விழுகிறவை. கதிரேசனின் குரல் பின்னாலிருந்து, "என்னடா, சிஸ்டர் அடம் பிடிக்குதா?" என்றது. டெல்வின் பெருமூச்சு விட்டான். "சரி, அரை அடி. அரை அடி தள்ளினாப் போதும். என் குறி எவ்வளவு துல்லியம்னு உனக்குத் தெரியாதா?"

அவனுக்கு அது ஆறுதல் சொல்வதாக நினைப்பு என்பது அவளுக்குப் புரிந்தது. போனை அணைத்தாள். பிள்ளையைத் தூக்கினாள். பொட்டு வாசல்வரை அவள் முதுகில் வந்து, வாசற்படியில் நின்றுவிட்டது. முகத்துக்கு முகம் நின்று, காய்ச்சல் பிள்ளையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டால் மனுஷன் கேட்பான் என்று நினைத்தாள். அவன் துப்பாக்கியோடு இருக்கும்போது அவள் கேட்டதெல்லாம் ஸ்கோப்பின் மறுபக்கத்திலிருந்துதானே. இந்த ஒரு தடவை கேட்டுப் பார்ப்பது, அவன் திரும்பிப் பிள்ளையைப் பார்த்துவிட்டால் எல்லாவற்றையும் மன்னித்துவிடுவது என்று சபதம் எடுத்துக்கொண்டு இருபது மைலும் ஓட்டினாள்.

மைதானத்துக்கு அவள் அதுவரை போனதில்லை. கூரைக்குக் கீழே நீளமாக மேசைகள், மேசைதோறும் ஒரு ஆண்பிள்ளை, தமிழர்கள் முப்பத்தொரு பேர், மற்றவர்கள் அதற்கு மேல், எல்லோரும் காதுக்கு மூடி போட்டு, ஒரு கண்ணை இறுக மூடி, மறு கண்ணால் தங்கள் தங்கள் வீட்டைக் குறி பார்த்துக்கொண்டிருந்தார்கள். எதிரே தொங்கிய காகிதங்கள் வருஷக்கணக்கில் மாற்றப்படாமல், ஓட்டையில்லாமல், வெயிலில் பழுத்துப்போயிருந்தன. டெல்வின் பதினேழாவது மேசையில் இருந்தான். நேரம் முடிந்தும் இன்னொரு அரைமணி வாங்கியிருந்தான்போலும். அவள் பிள்ளையின் காதுகளைப் பொத்தி, தரையிலிருந்த மஞ்சள் எல்லைக்கோட்டைத் தாண்டி, அவனுக்கு நேர் பின்னால் போய் நின்றாள். அவன் கழுத்து முடியைச் சரியாக வெட்டாதது தெரிகிற அளவுக்குக் கிட்டே.

"வந்துட்டேன்" என்றாள். காதுமூடிக்கு மேல் அது கேட்கவில்லை. தோளைத் தொட்டாள்.

"ஒரு நிமிஷம் இருங்க கதிர்" என்றான் டெல்வின், கண்ணை எடுக்காமல். "வீட்ல அமலியக் காணோம். இப்பதான் கிச்சன்ல நின்னா. பெட்ரூம் பாத்துட்டேன், கராஜும் பாத்துட்டேன். பிள்ளையையும் காணோம்."

அவள் மறுபடி தொட்டாள். தோளில் உட்கார்ந்த ஈயை விரட்டுவதுபோல அவன் தோளை உதறினான். கண் கண்ணாடியிலேயே இருக்க, இடது கையால் மேசைமேல் துழாவிப் போனை எடுத்து, பெருவிரலால் அமுக்கினான். அவளுடைய கையிலிருந்த போன் நடுங்கியது. திரையில் அவன் முகம், கல்யாண மாலையோடு. அவள் எடுக்கவில்லை. திரும்பு என்று மனசுக்குள் சொன்னாள். ஒரு தடவை திரும்பு. தலையைத் திருப்பினால் போதும், மூன்றடி. அவள் தோளில் ரீத்தா தலையைத் தூக்கி, "ப்பா" என்றாள், பழகிய முதுகைப் பார்த்து.

போன் நடுங்கி நின்றது.

"எடுக்க மாட்டேங்கிறா" என்றான் டெல்வின். போனை வைத்தான். ஸ்கோப்பைக் கூடத்துப் பக்கம் ஒருமுறை நகர்த்திப் பார்த்தான், பிறகு சமையலறைக்கே கொண்டுவந்தான், தோளைத் தளர்த்தி, சௌகரியமாக உட்கார்ந்தான். "சரி, வீட்ல ஆள் இல்ல. நல்லதாப் போச்சு."

சுட்டான்.

பிள்ளை அவள் நெஞ்சில் துள்ளி விழுந்து அலறியது. யாரும் திரும்பவில்லை, அங்கே சத்தம் சாதாரணம். அமலி பிள்ளையின் தலையைத் தாடைக்கடியில் வைத்து அழுத்திக்கொண்டு, மஞ்சள் கோட்டைத் தாண்டி வெளியே வந்து, கார் நாற்காலியில் ரீத்தாவை வைத்து வார்களை இழுத்துப் பூட்டி, இழுத்துச் சரிபார்த்து, ஹூஸ்டனிலிருக்கும் அக்காவுக்கு, கஞ்சி வைத்து வை, நாலு மணி நேரத்தில் வந்துவிடுவேன் என்று செய்தி போட்டுவிட்டு, தெற்கே திரும்பினாள். அந்தக் குண்டு எந்தச் சுவரில் விழுந்தது என்று அவள் போய்ப் பார்க்கவே இல்லை.